ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுந்த இணைப்பு

“நெட் வரலைங்க” என்ற வாக்கியத்தை என் அளவுக்குக் கேட்டவர்கள் மைசூரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர் அதைக் கோபமாகச் சொல்வார். மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை போட்டிருப்பவர், யாத்ரீகர்களின் இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொல்வார். இன்னும் சிலர், ஏதோ தாங்களே குற்றம் செய்துவிட்டது போலத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது வீட்டில் போன் அடித்தால் அது சிலிண்டர் கொண்டுவருகிறவராக இருக்கும், அல்லது என் தங்கையாக இருக்கும்.

போன மாதம் தீபிகா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில் எனக்குப் பல காலம் பின்னால் சேர்ந்த பெண். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அவளுக்குக் கன்னடம்தான் சரளம்.

“அக்கா, இனிமே நாங்க போன் எடுக்கறது கம்மி ஆகுதாம். ஜனங்க டைப் பண்ணிக் கேப்பாங்க, கம்ப்யூட்டரே உத்தர சொல்லுமாம். அதுக்கு நாங்க கேள்வி பதில் எழுதிக் குடுக்கணும். தமிழ் லைன் முழுக்க நீங்கதானே பாத்தீங்க, அல்வா, இல்லையா? கொஞ்சம் எழுதிக் குடுங்க அக்கா.”

எழுத உட்கார்ந்தேன். மோடத்தை அணைத்துச் சற்று நேரம் விட்டு மறுபடி போடவும், கம்பி ஒழுங்காகச் செருகியிருக்கிறதா பார்க்கவும், கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டீர்களா பார்க்கவும் என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. அதை அவளுக்கு அனுப்பிவிட்டேன். மீதி எல்லாம் கேள்வியாகவும் பதிலாகவும் வராமல் ஆட்களாகவே நினைவுக்கு வந்தது. இது அந்த மீதி.

என் அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் இங்கேதான். தட்டச்சு படித்தேன், பிறகு கணினி வகுப்புக்குப் போனேன், அந்த நிறுவனத்தில் பில் பிரிவில் சேர்ந்தேன். தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வர ஆரம்பித்த காலத்தில், தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவள் என்று என்னை உதவி மையத்துக்கு மாற்றினார்கள். கொள்ளேகால், ஹனூர், குண்டலுபேட்டை என்று எல்லைப் பக்கத்திலிருந்து தமிழில் பேசுகிற எல்லோரும் என்னிடம் வருவார்கள். பயிற்சி என்று தந்தது ஒரு தடித்த கையேடும் ஒரு ஹெட்செட்டும்தான். உண்மையான பயிற்சி சுமித்ரா மேடத்திடம் கிடைத்தது.

சுமித்ரா மேடம் எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களிடம் பேசிப் பேசியே ஒரு தமிழைக் கற்றுக்கொண்டிருந்தார். எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவைதான் கட்டுவார். அது சரசரக்கும், ஆனால் அவர் நடந்து வருவது மட்டும் கேட்காது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். இன்னொரு ஹெட்செட்டை எங்கள் பெட்டியிலேயே செருகிக் காதில் மாட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார், சைகை கூடக் காட்டமாட்டார். முடிந்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இரண்டு வாக்கியம் சொல்வார். அதற்கு மேல் அவர் சொல்வது அபூர்வம்.

சேர்ந்த புதிதில் நஞ்சன்கூட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றார். கையேட்டில் முதல் கேள்வியாக என்ன இருந்ததோ அதையே கேட்டேன்: “மின்சாரம் போட்டிருக்கீங்களா?” அவர் கொதித்துவிட்டார். “என்னை என்னன்னு நெனச்சே? நான் பேங்க்ல மேனேஜர்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவரே மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சுமித்ரா மேடம் எடுத்துக் கன்னடத்தில் பேசினார். “சார், ஒரு உதவி பண்ணணும். பிளக்கைக் கழட்டி, அதோட கம்பிக் காலில தூசி இருந்தா துடைச்சிட்டு, திருப்பி அழுத்திப் போடுங்க” என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ஆங், வந்துட்டுது. தூசிதான்” என்றார் அவர். “இந்த சீசன்ல தூசி ரொம்ப சார்” என்றார் மேடம்.

ஹெட்செட்டைக் கழற்றியபின் என்னிடம் சொன்னார்: “பிளக் போட்டே இருக்கல கணே, சரோஜா. அது நமக்குத் தெரிஞ்சா போதும்.”

இன்னொரு நாள் சொன்னது: “என்ன ப்ராப்ளம்னு கேக்காதே சரோஜா. அது தெரிஞ்சா அவங்க ஏன் நமக்கு போன் பண்றாங்க? கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு கேளு. காதுக்கு என்ன கேக்குதுன்னு கேளு.” அப்புறம் சிரித்துக்கொண்டே, “உங்க தமிழ்லயும் எங்க கன்னடத்துலயும் கேளுன்னா ரெண்டு அர்த்தம். ரெண்டாவதை யாரும் செய்யறதில்ல” என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். மோடம் அடிக்கடி நின்று நின்று போகிறது என்று ஒரு அம்மா பல தடவை கூப்பிட்டார். எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், “மோடம் பக்கத்துல நின்னு கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் சொல்லுங்கம்மா” என்றேன். “உறையைக் கழட்டிட்டுப் பாக்கணுங்களா?” என்றார். தூசி படாமலிருக்க அதற்குக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருந்தார். உள்ளே அது வெந்துபோய் அணைந்துகொண்டிருந்தது. உறையை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து விரற்கடை அளவு தள்ளி வைக்கச் சொன்னேன். “அழகா இருந்துச்சுங்க” என்று வருத்தப்பட்டார்.

ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தேர்வு விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வந்தது. வைரஸ் என்று யாரோ சொல்லி, கணினியையே அழித்து மறுபடி போடத் தயாராக இருந்தாள். திரையின் கீழ் மூலையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். மணி, தேதி என்றாள். தேதியைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “மேடம், அந்த வருஷத்துல நான் பொறக்கவே இல்ல” என்றாள். கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி தீர்ந்திருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். தேதியை மாற்றியதும் பக்கம் திறந்தது. பேட்டரியைக் கடையில் மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

எல்லாமே சிரிப்பாக முடிந்துவிடவில்லை. எங்கள் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி வேறு யாரோ வாடிக்கையாளர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த மென்பொருளைப் போடுங்கள், நாங்கள் இங்கிருந்தே சரிசெய்கிறோம்’ என்பார்கள். போட்டதும் திரை முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அம்புக்குறி தானாகத் திரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே எனக்குப் போன் செய்தார். “முதல்ல நெட் வயரைப் பிடுங்குங்க சார், அப்புறம் பேசலாம்” என்றேன். பிடுங்கினார். வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றினார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி வந்தது: நாமாக எந்த வாடிக்கையாளரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிடுகிற எவரையும் நம்ப வேண்டாம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தோம்.

இந்த விதியால்தான் கொள்ளேகால் அம்மாவின் விஷயம் அத்தனை சிக்கலானது.

அவர் பெயர் ருக்குமணி. முதல் தடவை ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். கொங்குப் பக்கத்துச் சாயலில், ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக இறக்கி வைக்கிற குரல்.

“ஞாயித்துக்கெழம சாயந்தரம் மட்டும் நெட்டு நின்னு போயிருதுங்க. மத்த நாளெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க.”

“இப்ப இருக்குதுங்களா?”

“இப்ப இருக்குதுங்க.”

இருக்கிறபோது என்ன சோதித்தாலும் எல்லாம் சரியாகத்தான் காட்டும். இங்கிருந்தே கம்பியைச் சோதித்தேன், குறையில்லை. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். போனையும் மோடத்தையும் பிரிக்கிற சின்னப் பெட்டியை மாற்ற, கொள்ளேகாலில் எங்கள் லைன்மேன் சித்தராஜுவை அனுப்பினேன். மாற்றினார். புகாரை முடித்தோம். அடுத்த திங்கட்கிழமை காலை மறுபடி அதே குரல். “நேத்தும் போயிருச்சுங்க.” சித்தராஜு மறுபடி போனார். கம்பத்திலிருந்து வீடு வரை பார்த்தார். ஒன்றுமில்லை. புகாரை மறுபடி முடித்தோம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு நாளும் கோபப்படவில்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

ஒரு திங்கட்கிழமை, “ஞாயித்துக்கெழம சாயந்தரம் என்ன பண்ணுவீங்கம்மா?” என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

அவர் கணவர் மாதப்பன் பஸ் டிரைவர். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு மலைப்பாதையில் ஓட்டினவர். ஒரே மகள் கௌரி, நர்ஸ். அவள் குவைத்துக்கு வேலைக்குப் போவதில் அப்பாவுக்குச் சம்மதமில்லை. போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவள் போனாள். அவர் பேசுவதை நிறுத்தினார். அவள் போன் செய்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் கௌரி பழைய மடிக்கணினி ஒன்று வாங்க ஏற்பாடு செய்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் முறை அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் நல்லாயிருக்கிற கையை எடுத்துத் திரையைத் தொட்டாராம்.

“நாலு வார்த்தை பேசறதுக்குள்ள அவ மொகம் அப்பிடியே நின்னு போயிருதுங்க. அப்பறம் கறுப்பாயிருது. அவ வெச்சுட்டான்னு நெனச்சுக்கறாருங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. வாயிருந்தா ஏன்டி வெச்சேன்னு கேட்டுருவாரு. வாயில்லீங்களே.”

“மகள் என்ன சொல்றாங்கம்மா?”

“அவ, அப்பா கையால மூடிட்டாரான்னு கேக்கறாங்க. இன்னும் கோபம் தீரலையான்னு கேக்கறா. நான் எத்தன சொன்னாலும் நம்ப மாட்டேங்கறா. அவருக்குக் கஷ்டமா இருந்தா அடுத்த வாரத்துல இருந்து கூப்புடலம்மான்னுட்டாங்க.”

“நான் பாக்கறேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

சுமித்ரா மேடம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஹெட்செட்டைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. “கெட்டுப் போகும்போது நாம அங்க இல்ல. அதனாலதான் கண்டுபிடிக்க முடியல” என்றார்.

“நாமளே ஞாயித்துக்கிழமை கூப்பிடக்கூடாதே மேடம்.”

“கூப்பிட பேடா, வேண்டாம். அவங்களே கூப்பிடட்டும். மகள் வீடியோவுல வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி, லைனை வைக்காம இருக்கச் சொல்லு. யாருக்கு வந்தாலும் நான் உன் பக்கம் தள்ளிவிடறேன்.”

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும் சேர்ந்து போகிற ஏற்பாடு அது. அதனால் போன் பேசிக்கொண்டே வீடியோவும் பார்க்கலாம். ஆனால் ஞாயிறு மாலை எனக்கும் வேலையில்லை, மேடத்துக்கும் வேலையில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் நேரக் கணக்கு வேறு உண்டு. நீண்டுபோனால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். மேடத்திடம் அதைச் சொன்னேன். “கடிகாரத்தை நான் பாத்துக்கறேன். நீ கேளு” என்றார். சித்தராஜு மூலம் ருக்குமணி அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன், மகளை இன்னும் ஒரு வாரம் மட்டும் கூப்பிடச் சொல்லும்படியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்கிற நேரத்தில் ருக்குமணி அம்மாவின் அழைப்பு வந்தது. மேடம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா, ஒவ்வொரு வாரமும் என்னென்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. செய்யறதை வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க. ரிசீவரைப் பக்கத்துலயே கீழ வெச்சுருங்க. எனக்குக் கேக்கும்.”

கேட்டது. அறைக்குள் அவர் நடக்கிற சத்தம், கட்டிலின் கிரீச்சு, பாத்திரம் வைக்கிற ஒலி.

“சட்டை மாத்தி வுட்டுட்டேனுங்க. தல சீவி வுட்டேன். தலகாணி ரெண்டு முட்டுக் குடுத்துச் சாச்சு உக்கார வெச்சுருக்கேன். சன்னலைச் சாத்தறேங்க, கொசு வருமுங்க. கம்ப்யூட்டரை ஸ்டூலு மேல வெச்சுட்டேன். மோடத்துல பச்ச லைட்டு எரியுதுங்க.”

சற்று நேரத்தில் கணினியின் மணி அடித்தது. பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல்: “அப்பா. தெரியறேனாப்பா?” அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து வந்த ஒலி. அதைச் சொல் என்று சொல்ல முடியாது. ஆனால் அது பதில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. “அம்மா, அப்பா இருட்டா தெரியறாரும்மா” என்றாள் கௌரி.

அடுத்த நொடி என் காதில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் புகுந்தது. வண்டு காதருகே வந்தது போல. சுமித்ரா மேடம் கண்ணைத் திறந்தார்.

“போயிருச்சுங்க. மொகம் நின்னு போச்சு. பச்ச லைட்டு மினுக்கு மினுக்குங்குது” என்றார் ருக்குமணி அம்மா, ரிசீவரை எடுத்து.

“இப்ப கடைசியா என்ன பண்ணீங்கம்மா?”

“ஒண்ணும் பண்ணலீங்களே.”

மேடம் மேஜைமேல் இருந்த என் கையை லேசாக அழுத்தினார். அழைப்பு நடக்கும்போது அவர் சைகை காட்டியது அந்த ஒரு முறைதான். தலையைத் தூக்கி, எங்கள் கூரையில் எரிந்த விளக்குகளைக் காட்டினார்.

“லைட் போட்டீங்களாம்மா?”

“ஆமாங்க. இருட்டா இருக்குதுன்னா. டியூப்லைட்டுப் போட்டேன்.”

விளக்குப் போடுவதை அவர் ஒரு காரியமாகவே நினைக்கவில்லை. எந்த வீட்டில்தான் நினைப்பார்கள்? மற்ற நாட்களில் அவர்கள் கணினியைத் திறப்பதெல்லாம் பகலில்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் கண்ணுக்கு அப்பாவின் முகம் தெரிய வேண்டும் என்றுதான், கணினி ஓடும்போதே அந்த விளக்கும் எரிந்தது.

“அதை அணைங்கம்மா.”

இரைச்சல் பட்டென்று நின்றது. அந்தப் பழைய டியூப்லைட்டின் சோக்கு கெட்டுப்போய், பக்கத்தில் ஓடுகிற போன் கம்பிக்குள் இரைச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மோடத்தின் பச்சை விளக்கு நிலைத்து எரிய ஆரம்பித்ததும் அவர் சொன்னார்: “வந்துருச்சுங்க. ஆனா இருட்டா இருக்குதே.”

“சமையல் ரூம் லைட்டைப் போட்டு, கதவை நல்லாத் திறந்து வையுங்க. கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருப்புங்க, வெளிச்சம் அவர் மேல விழற மாதிரி.”

செய்தார். அதற்குள் மாதப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. “அவர் டிரைவர்தானேம்மா. வண்டியில இந்த மாதிரியெல்லாம் பாத்திருப்பாரு. அவரைத் திருப்பி உக்கார வெச்சு, மகள் வந்ததும் அந்த லைட்டைப் போட்டுக் காட்டுங்க. அப்புறம் அணைச்சுக் காட்டுங்க. வார்த்தை வேண்டாம். அவரே பாக்கட்டும்.”

கௌரி மறுபடி கூப்பிட்டாள். முகம் வந்தது. ருக்குமணி அம்மா விளக்கைப் போட்டார். என் காதில் வண்டு வந்தது. மகளின் குரல் பாதியில் அறுந்தது. அணைத்தார். வண்டு போனது. சற்றுப் பொறுத்து மகளின் குரல் வந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா நடக்குது அங்க?” என்றாள்.

“இன்னொரு வாட்டி போடச் சொல்லிக் கை காட்டறாருங்க” என்றார் ருக்குமணி அம்மா என்னிடம்.

“போடுங்கம்மா.”

இன்னொரு முறை போட்டு அணைத்தார். பிறகு அந்த மனிதரின் தொண்டையிலிருந்து ஒலி வந்தது. முதலில் கேட்டது போல் இல்லை. நீளமாக, விட்டு விட்டு வந்தது.

“அழுகறாருங்க” என்றார் அவர் மிக மெதுவாக. “லைட்டையே பாத்துப் பாத்து அழுகறாரு.” பிறகு ரிசீவரை விட்டுத் தள்ளி, உரக்க மகளிடம்: “கௌரி, அப்பா கையால மூடலை சாமி. லைட்டும்மா. எல்லாம் இந்த லைட்டு.”

கௌரி என்ன சொன்னாள் என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “நான் வெக்கலப்பா” என்ற சொற்கள் மட்டும் கேட்டன. மேடம் தன் ஹெட்செட்டைக் கழற்றிக் கம்பியை விரலில் சுற்றினார். நானும் இணைப்பைத் துண்டித்தேன்.

அந்த வாரம் சித்தராஜு போய் சோக்கை மாற்றி, போன் கம்பியை விளக்குக் கம்பியிலிருந்து பிரித்து வேறு சுவர் வழியாகக் கொண்டுபோனார். இரண்டையும் யாரோ ஒரே கட்டாகக் கட்டி உத்தரத்தில் ஓட்டியிருந்தார்களாம். அந்த அறையைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். ஆணியில் காக்கிச் சட்டை மாட்டியிருக்கிறது, தேய்த்து மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றார். கட்டிலிலிருந்தே சித்தராஜுவின் வேலையை மாதப்பன் கண் எடுக்காமல் பார்த்தாராம். கம்பியைத் தப்பான பக்கம் திருப்பியபோது கையை ஆட்டித் திருத்தினாராம். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு புகார் வரவில்லை. நீண்ட அழைப்புக்கு மேலிடத்தில் கேள்வி வந்திருக்கும். மேடம் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

சுமித்ரா மேடம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். இரண்டு மழைக்காலங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்தவரை குவெம்பு நகரில் அவர் வீட்டுக்குப் போவேன். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, தெருவில் யாராவது பேசினால் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே போவேன் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை விட்ட பிறகு எனக்கு ஏற்பட்ட ஒரு வழக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில், சந்தையில், தேவராஜா மார்க்கெட் நெரிசலில், யாராவது வயதான பெண் கொங்குச் சாயலில் பேசினால் திரும்பிப் பார்ப்பேன். எத்தனையோ பேரை அவர்களுடைய மூச்சு வரைக்கும் எனக்குத் தெரியும். ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் அது வேறு யாராகவோ இருக்கும். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்தச் சித்திரையில் கொள்ளேகாலில் என் சித்தி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் சித்தராஜுவைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். கேட்கலாமா வேண்டாமா என்று சாப்பாடு முடியும்வரை தயங்கினேன். ஒரு வாடிக்கையாளரின் வீட்டைத் தேடிப் போவது எங்கள் வேலையில் செய்யக் கூடாத காரியம். கை கழுவும்போது கேட்டே விட்டேன்.

“இங்கிருந்து ரெண்டு தெருதான் மேடம். எனக்கு அந்த அம்மா இன்னும் பழக்கம். வாங்க, ஒண்ணும் தப்பில்ல” என்றார்.

கதவைத் திறந்தவர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். அந்தக் குரலுக்கு நான் கனமான ஓர் உடம்பைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். “வாங்க தம்பி” என்று சித்தராஜுவை அழைத்தார். அந்த இரண்டு சொற்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போன் கம்பி இல்லாமல் கேட்கும்போது குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

“அம்மா, இவங்க யாரு தெரியுமா? அந்த டியூப்லைட் விஷயத்துல உங்ககிட்ட போன்ல பேசின மேடம்” என்றார் சித்தராஜு.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போன்லீங்களா? தம்பி, நீங்கதானே வந்து பாத்துச் செரி பண்ணுனீங்க?”

“நான் அப்புறம் வந்தேன்மா. கண்டுபிடிச்சது இவங்க.”

“எனக்கு நெனவு இல்லீங் கண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க. அப்ப எனக்குப் பொழுது விடியறதும் தெரியாது, சாயறதும் தெரியாது.”

“அதனால என்னங்க” என்றேன். ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை காலம் நான் சுமந்துகொண்டிருந்த அந்த மாலை, அவருக்குப் பல மாலைகளில் ஒன்று.

மாதப்பன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன என்றார். கடைசி நாட்களில் கௌரி விடுப்பு எடுத்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருந்தாளாம். “அவ கையைப் புடிச்சாருன்னா வுடமாட்டாருங்க. சாப்புடறதுக்கும் வுடமாட்டாரு” என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய கைபேசி அடித்தது. கௌரிதான். திரையில் முகம் தெரிந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “ரெண்டு நாளா இப்பிடித்தாங்க. சத்தமே வர மாட்டேங்குது. நீங்க அந்த ஆபீசுலதானே இருந்தீங்க, கொஞ்சம் பாருங்க கண்ணு” என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் புளூடூத் குறி தெரிந்தது. வீட்டில் யாராவது காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற கருவி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். கௌரியின் மகன் லீவுக்கு வந்தபோது அதை இங்கே விட்டுப் போயிருந்தான், டி.வி. மேல் கிடந்தது. சத்தமெல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த இணைப்பை அணைத்தேன்.

“அம்மா, கேக்குதா?” என்ற குரல் அறை முழுவதும் வந்தது.

“கேக்குது சாமி” என்றார் ருக்குமணி அம்மா.

நான் எழுந்தேன். யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான். எதிர்முனையில் ‘வந்துருச்சுங்க’ என்று சொன்னதும் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். ஒரு வீட்டில் சந்தோஷம் தொடங்குகிற இடத்தில் என் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள், எப்படிச் சிரித்தார்கள், முகம் எப்படி மாறியது என்று ஒரு நாளும் நான் அறிந்ததில்லை. அத்தனை வருடங்களும் நான் ஏங்கியது அதற்குத்தான் என்பது அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். “உக்காருங் கண்ணு. காப்பி குடிக்காம போறதாவது.”

“யாரும்மா பக்கத்துல?” என்றாள் கௌரி. தலையில் நரை தெரிந்தது.

“நெட்டு ஆபீசுல இருந்தவங்களாமா. சத்தம் வரலைன்னேன், செரி பண்ணிக் குடுத்தாங்க.”

கௌரி எனக்கு ஒரு வணக்கம் சொன்னாள். பிறகு மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். அங்கே வெயில் தாங்கவில்லை என்றாள். போன வாரம் வைத்த ரசத்தில் என்ன குறை என்று கேட்டாள். புளி கூடியிருக்கும் என்று இவர் சொன்னார். இல்லை என்று அவள் வாதாடினாள். ருக்குமணி அம்மா சிரித்தார். சிரிக்கும்போது கீழ் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் சுருங்கி மறைந்தே போனது.

அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.